முத்திரிக்கிணறும் தண்ணீர் விலையும்

சுவாமித்தோப்புக்கு வரும் அன்புக்கொடி மக்கள் முத்திரிக்கிணற்றில் பதமிட்ட பிறகுதான் பதிக்குச் செல்கிறார்கள். வாளி இறங்குகிறது, நீர் ஏறுகிறது, தலை நனைகிறது, உள்ளங்கையில் ஏந்திய நீர் தொண்டையில் இறங்குகிறது. அந்த நீருக்கு யாரும் காசு கேட்பதில்லை. கேட்டால் அது பெரும் அபச்சாரமாகத் தோன்றும். அதே பக்தர் திரும்பிப் போகும் வழியில் பேருந்து நிலையத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை இருபது ரூபாய் கொடுத்து வாங்குகிறார். ஊருக்குப் போனதும் குழாய்க் கட்டணம் கட்டுகிறார். அதில் அபச்சாரம் எதுவும் அவருக்குத் தோன்றுவதில்லை. ஒரே மனிதர், ஒரே நாள், ஒரே தண்ணீர். அப்படியானால் தண்ணீருக்கு விலை வைக்கலாமா, கூடாதா? வைக்கலாம் என்றால் எந்தக் குடத்திலிருந்து வைக்கலாம்?

இதற்கு உடனடியாகக் கிடைக்கும் பதில்கள் இரண்டு. தண்ணீர் இறைவன் தந்தது, அதற்கு விலை வைப்பது கலியின் வேலை என்பது ஒன்று. விலை வைக்காத பொருள் வீணாகத்தான் போகும், காசு கட்டினால்தான் மனிதனுக்கு அருமை தெரியும் என்பது மற்றொன்று. இரண்டும் அவசரத்தில் பிறந்த பதில்கள். முதல் பதிலைச் சொல்பவர்கள் பழைய திருவிதாங்கூரை மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது பதிலைச் சொல்பவர்கள் யாருடைய குடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

அய்யா அவதரித்த காலத்துத் திருவிதாங்கூரில் கிணற்றுத் தண்ணீருக்கு விலைச்சீட்டு இல்லை. ஆனால் தண்ணீர் எல்லாருக்கும் கிடைத்துவிடவில்லை. சாதி பார்த்துக் கிணறு இருந்தது. மேல்சாதியாரின் கிணற்றங்கரையை மற்றவர்கள் மிதிக்கக் கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் வரலாற்றில் பதிவாகி இருக்கிறது. குடையும் செருப்பும் மறுக்கப்பட்டது போலவே, மேலாடை மறுக்கப்பட்டது போலவே, சான்றோர் குலப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கவும் தடை இருந்தது. இடுப்பில் குடம் வைப்பது மேல்சாதிப் பெண்களின் வழக்கமாம். இதை மானத்தின் மீது விழுந்த அடியாகத்தான் எல்லாரும் பேசுவார்கள். அது சரிதான். ஆனால் இதில் ஒரு கணக்கும் ஒளிந்திருக்கிறது. தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமும் கொண்டு வருபவளுக்கு ஒரே நடையில் இரண்டு குடம் தண்ணீர். இடுப்பு மறுக்கப்பட்டவளுக்கு அதே இரண்டு குடத்துக்கு இரண்டு நடை. காசு என்ற பெயரில்லாமல், அரசனின் கஜானாவுக்கும் போகாமல், அவளுடைய தண்ணீரின் விலை இரட்டிப்பாகிவிட்டது. தலைவரி கட்டிய வீட்டில் இந்த வரியையும் பெண்கள் கட்டினார்கள்.

ஆகவே விலை என்பது காசு மட்டும் அல்ல. நடை ஒரு விலை. காத்திருப்பு ஒரு விலை. கேட்டு வாங்கும்போது தாழ்த்துகிற தலையும் ஒரு விலை. இலவசம் என்று பெயர் சூட்டிவிட்டு இந்த மூன்றையும் வசூலிக்கிற தண்ணீர் உலகத்தில் நிறைய உண்டு.

முத்திரிக்கிணறு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதுவும் செலவில்லாமல் வந்த கிணறு அல்ல. தோண்டிய கைகள் உண்டு, கயிறும் வாளியும் உண்டு, காலம் தோறும் தூர் எடுக்க வேண்டிய வேலை உண்டு. ஆனால் அந்தச் செலவை வரிசையில் கடைசியாக நிற்பவர் தலையில் கட்டவில்லை. எந்தச் சாதியாரும் ஒரே கயிற்றைப் பிடித்து இறைத்தார்கள், ஒரே நீரில் குளித்தார்கள், அதையே குடித்தார்கள். இந்தக் கிணற்றைச் சமத்துவக் கிணறு என்று சொல்லும்போது, ஒன்றாகக் குளித்ததைத்தான் பெரும்பாலும் நினைவில் வைக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே விலையாக இருந்தது, அதாவது ஒரு வாளி இறைக்கும் உழைப்பு மட்டுமே விலையாக இருந்தது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

இனி இன்றைய வீட்டுத் தண்ணீருக்கு வரலாம். பொருளியல் பாடநூல்களைத் தமிழில் எழுதியவர்கள் ஒரு சொல்லில் பெரிய சிக்கலை உண்டாக்கிவிட்டார்கள். 'தேவை' என்ற சொல்தான் அது. பேச்சுத் தமிழில் தேவை என்றால் இல்லாமல் முடியாதது. குழந்தைக்குப் பால் தேவை, காய்ச்சல்காரருக்குக் கஞ்சி தேவை. பாடநூலில் தேவை என்றால் வேறு. ஒருவருக்கு ஒரு பொருளின் மீது விருப்பம் இருக்க வேண்டும், அதை வாங்கும் மனம் இருக்க வேண்டும், கையில் காசும் இருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது தேவை. விலை ஏறினால் தேவை குறையும் என்பது தேவை விதி. எவ்வளவு குறைகிறது என்பதைச் சொல்வது தேவை நெகிழ்ச்சி.

இந்த இலக்கணத்தின்படி நாக்கு வறண்டு நிற்கிறவரிடம் காசு இல்லையென்றால் அவருக்குத் தண்ணீர்த் தேவை இல்லை. இப்படி ஒரு பொருளியலாளரிடம் சொன்னால் அவர் சிரித்துவிட்டு, அது கலைச்சொல், அன்றாடப் பொருளில் எடுக்காதீர்கள் என்பார். அவர் சொல்வது நியாயம். சந்தையில் எவ்வளவு விற்கும் என்று அளக்க அவருக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. ஆனால் சொற்கள் ஏட்டோடு நிற்பதில்லை. 'விலை கூட்டியதும் தேவை குறைந்துவிட்டது' என்று ஓர் அறிக்கை வந்தால், படிக்கிற அதிகாரி ஊதாரித்தனம் ஒழிந்தது என்று மகிழ்ந்துவிடுகிறார். ஒழிந்தது ஊதாரித்தனமா, ஒரு குழந்தையின் குளியலா என்று அந்த எண் சொல்லாது.

எது ஒழிகிறது என்பதைப் பார்க்கப் பழைய புதிர் ஒன்று உதவும். 1776இல் வெளியான தம் நூலில் ஆடம் ஸ்மித் ஒரு வியப்பைக் குறித்தார். தண்ணீரைப் போலப் பயனுள்ள பொருள் இல்லை, ஆனால் அதைக் கொடுத்து எதையும் வாங்க முடியாது. வைரத்தால் ஒரு பயனும் இல்லை, ஆனால் அதைக் கொடுத்தால் எதையும் வாங்கலாம். நூறு ஆண்டுகள் கழித்து, 1870களில், ஜெவன்ஸ், மெங்கர், வால்ரா என்ற மூன்று அறிஞர்கள் தனித்தனியே ஒரே விடையைக் கண்டார்கள். ஒரு பொருளின் விலையைத் தீர்மானிப்பது அதன் மொத்தப் பயன் அல்ல, கடைசி அளவின் பயன். குமரி நாட்டு வீடு ஒன்றை நினைத்தால் இது விளங்கும். அங்கே தண்ணீரை 'வெள்ளம்' என்றே கேட்பார்கள். வீட்டுக்கு வரும் முதல் குடம் வெள்ளம் குடிக்க. இரண்டாவது உலை வைக்க. அடுத்தது பாத்திரம் கழுவ. பிறகு கை கால் முகம். பிறகு குளியல். பிறகு துணி துவைக்க. அதற்கும் மேல் மிஞ்சினால் முற்றம் தெளிக்க, செடிக்கு ஊற்ற, வண்டி கழுவ. முதல் குடத்துக்கு மனிதன் எதையும் கொடுப்பான். இருபதாவது குடத்துக்குக் கால் காசு கொடுக்கவும் யோசிப்பான். தண்ணீர் நிறைய உள்ள இடத்தில் எல்லாரும் இருபதாவது குடத்தில் நிற்பதால் விலை இறங்கிக் கிடக்கிறது.

அருமையான விளக்கம்தான். ஆனால் எல்லாரும் இருபதாவது குடத்தில் நிற்பதில்லை. ஒரு வீட்டின் கடைசிக் குடம் காரைக் கழுவுகிறது. இன்னொரு வீட்டின் கடைசிக் குடத்தில் பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளையின் பாவாடை துவைக்கப்படுகிறது. இரண்டு வீட்டுக்கும் விலையை ஒரே அளவு கூட்டினால் முதல் வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டே இருப்பார். இரண்டாவது வீட்டில் பாவாடை துவைப்பது நாளைக்குத் தள்ளிப் போகும். மொத்தக் கணக்கில் தேவை குறைந்திருக்கும்.

ஏழை வீட்டில் தண்ணீருக்கு விலை ஏறும்போது, அது காசாக ஏறினாலும் நடையாக ஏறினாலும், குடிப்பது குறைவதில்லை. உலை வைப்பதும் குறைவதில்லை. குறைவது கழுவல். 1960களில் கில்பர்ட் ஒயிட், டேவிட் பிராட்லி, ஆன் ஒயிட் ஆகிய மூவர் கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளின் ஊர்களில் வீடு வீடாகச் சென்று எவ்வளவு தண்ணீர் எதற்குச் செலவாகிறது என்று அளந்தார்கள். அந்த ஆய்வு 1972இல் நூலாக வந்தது. குழாய் உள்ள வீட்டில் ஒருவருக்குச் செலவான தண்ணீர், சுமந்து வரும் வீட்டில் ஒருவருக்குச் செலவானதைவிடப் பல மடங்கு இருந்தது. குழாய் இல்லாமல் தண்ணீர்க்காரரிடம் குடக்கணக்கில் வாங்கியவர்கள் லிட்டருக்குக் கொடுத்த விலையோ குழாய்க்காரர் கொடுத்ததைவிட மிக அதிகம். பிராட்லி மருத்துவர். அழுக்குத் தண்ணீரைக் குடிப்பதால் வரும் நோய்கள் ஒரு வகை, கழுவப் போதிய தண்ணீர் இல்லாததால் வரும் நோய்கள் வேறு வகை என்று அவர் பிரித்துக் காட்டினார். சொறி, சிரங்கு, பார்வையைப் பறிக்கும் கண்நோய் எல்லாம் இரண்டாவது வகை. இவற்றைத் தீர்க்கத் தண்ணீர் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது, நிறைய இருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்துக்காக 2003இல் எழுதப்பட்ட அறிக்கை ஒன்றும் இதையே சொல்கிறது. தண்ணீர் எடுக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்றால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் கிடைப்பதே அரிது. அரை மணிக்குள் என்றால் சுமார் 20 லிட்டர். அந்த 20 லிட்டரில் குடிக்கலாம், சமைக்கலாம், கை முகம் கழுவலாம். குளியலும் துவையலும் நிச்சயமில்லை.

இதை வாசிக்கிற அய்யாவழி மக்களுக்குத் துவையல் தவசு நினைவுக்கு வராமல் போகாது. வாகைப்பதியின் கடற்கரையில் 700 குடும்பத்தார் கூடி, நாள்தோறும் மூன்று வேளை துணி துவைத்து, ஒரு வேளை மட்டும் உண்டு தவமிருந்தார்கள் என்பது மரபு. உடலும் உள்ளமும் தூய்மையாக வேண்டும் என்பதற்காகவே அய்யா அந்தத் தவத்தை விதித்தார். அதன் ஆன்மிகப் பொருளைப் பெரியவர்கள் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள், அது இங்கே மீண்டும் வேண்டியதில்லை. தண்ணீர்க் கணக்கின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. கிணற்றங்கரையை மிதிக்கக் கூடாது என்று ஒரு கூட்டத்தாரை விலக்கினால் அவர்களிடம் குறைவது துவையல். துவையல் குறைந்தால் துணி அழுக்காகும். அழுக்கைக் காட்டி, இவர்கள் தீண்டத்தகாதவர்கள், கிணற்றருகே விடாதீர்கள் என்று சொல்லலாம். தண்ணீர் மறுத்ததால் வந்த அழுக்கே தண்ணீர் மறுப்பதற்குச் சான்றாகிறது. இந்தச் செக்கு எத்தனை தலைமுறை சுற்றியது என்று யார் எண்ணினார்கள்! அந்த மக்களை முதலில் வயிறு நிறைய உண்ணச் சொல்லாமல் மூன்று வேளை துவைக்கச் சொன்னது, செக்கின் அச்சாணியைக் கழற்றியதற்கு ஒப்பாகும்.

ஆகவே 'நெகிழ்ச்சி' என்று பொருளியல் அளப்பது ஏழை வீட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் துவையலின் நெகிழ்ச்சிதான், அதாவது மானத்தின் நெகிழ்ச்சி.

இவ்வளவும் சொன்ன பிறகு, விலை வேண்டும் என்பவர்களின் பேச்சையும் முழுதாகக் கேட்க வேண்டும். அவர்கள் எல்லாரும் கலியின் ஆட்கள் அல்ல. மழை இலவசம், மேல்நிலைத் தொட்டி இலவசம் அல்ல. மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும், குழாய் உடைந்தால் மாற்ற வேண்டும், தொட்டியைக் கழுவ வேண்டும், வால்வு திறப்பவருக்குச் சம்பளம் வேண்டும். கட்டணமே இல்லாத ஊரில் இவை நின்றுபோகின்றன. நின்றுபோனால் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது, தெருக்குழாயை நம்பியவர்தான் தவிப்பார். வரம்பில்லாத இலவசத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தெருவில் குழாய் நீர் வரும் ஒரு மணி நேரத்தில் வசதியுள்ள வீட்டார் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்வார்கள். மேட்டிலும் தெருக்கோடியிலும் இருப்பவர்களுக்குக் காற்றுதான் வரும். எல்லாருக்கும் பொது என்று விட்டது, வலிமையுள்ளவனுக்குத் தனி என்று முடிகிறது. அளவுமானி இருந்தால் உறிஞ்சுகிறவர் கணக்கில் வருவார்.

விலைக்கு ஓரளவு பலனும் உண்டு. மேலைநாடுகளின் ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது இது: விலை நூற்றுக்குப் பத்து கூடினால் வீட்டுப் பயன்பாடு சராசரியாக நான்கு அல்லது ஐந்து குறைகிறது. தோட்டமும் நீச்சல் குளமும் உள்ள வீடுகளில் அந்தக் குறைவு யாரையும் வதைக்காது. அங்கே விலை நல்ல ஆசிரியர். அந்த ஆசிரியரையே குடிசைக்கும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சியாக இருக்கிறது.

நிறவெறி ஆட்சி ஒழிந்து மக்களாட்சி வந்த அந்த நாட்டின் அரசியல் சட்டத்தில், போதிய தண்ணீர் பெறுவது ஒவ்வொருவருடைய உரிமை என்றே எழுதப்பட்டிருக்கிறது. அதே காலத்தில், தண்ணீர் வழங்குவதற்கு ஆகும் செலவைப் பயனாளிகளிடமிருந்தே எடுக்க வேண்டும் என்ற கொள்கையும் நடைமுறைக்கு வந்தது. குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதுவரை இலவசமாக வந்த குழாய் நீருக்குச் சில ஊர்களில் கட்டணம் வந்தது. கட்ட முடியாதவர்கள் ஓடைக்கும் ஆற்றுக்கும் திரும்பினார்கள். 2000 ஆகஸ்டில் அந்தப் பகுதியில் காலரா தொடங்கியது. தொற்று பரவியதற்குக் காரணங்கள் பல உண்டு, கட்டணம் ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொற்றி, இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த அந்த நோய், அரசின் மனத்தை அசைத்தது. 2001இல் ஒரு குடும்பத்துக்கு மாதம் 6,000 லிட்டர் தண்ணீர் இலவசம் என்ற கொள்கை வந்தது. எட்டுப் பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 25 லிட்டர் என்பது கணக்கு. அதற்கு மேல் போனால் விலை.

எண்ணிப் பார்த்தால் இது நல்ல வழி போலவே தெரியும். முதல் குடங்கள் தர்மம், பிந்தைய குடங்கள் வியாபாரம். சிக்கல் எண்ணில் இருந்தது. ஜோகன்னஸ்பர்க் நகரின் சோவெட்டோவில் பிரி என்ற பகுதியில் 2004 முதல் முன்பணக் கருவிகளைப் பொருத்தினார்கள். இலவச அளவு தீர்ந்ததும் காசு போடாவிட்டால் குழாய் தானாக அடைத்துக்கொள்ளும். ஒரே மனைக்குள் முன்வீடும் பின்கட்டுக் குடில்களுமாகப் பலர் வாழும் இடம் அது. 6,000 லிட்டர் மாதம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். அங்கே வாழ்ந்த ஐந்து பேர் வழக்குத் தொடர்ந்தார்கள். ஆளுக்கு 50 லிட்டர் வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். மேல்முறையீட்டில் அது 42 லிட்டரானது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம், இவ்வளவு லிட்டர் என்று அளவு நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல, நகரத்தின் கொள்கை நியாயமானதே என்று சொல்லி வழக்கை முடித்தது.

25க்கும் 50க்கும் நடுவே நடந்த இந்த வழக்கில் பாதிப்பேருக்கு ஓர் ஐயம் எழலாம்: ஓர் உரிமைக்கு லிட்டர் கணக்கு எதற்கு? ஆனால் அங்கேதான் முழுச் சண்டையும் இருக்கிறது. 25 லிட்டரில் உயிர் வாழலாம். துவைத்து, குளித்து, கழிப்பறைக்கு ஊற்றி, அடுத்தவர் முன்னால் கூசாமல் நிற்க வேண்டுமானால் அது போதாது. இலவச எல்லையைக் குடிநீரோடு நிறுத்தியவர்கள் உயிரைக் காப்பாற்றிவிட்டு மானத்தை விலைக்கு விட்டார்கள். துவையல் தவசு கண்ட மக்களுக்கு இந்த எல்லைக்கோட்டை எங்கே இழுக்க வேண்டும் என்பதில் குழப்பம் வர வேண்டியதில்லை. துவையலுக்கும் அப்பால் இழுக்க வேண்டும். விலை அதன் பிறகு தொடங்கட்டும், ஏறவும் ஏறட்டும்.

இந்தியாவில் 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்து வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறது. அளவு மோசமில்லை. ஆனால் கூடுதலாகப் பயன்படுத்துகிறவருக்குக் கூடுதல் விலை என்ற படிக்கட்டண முறையை எங்கே கொண்டுவந்தாலும், ஏழைக்கு உதவுவதற்காகவே அதைக் கொண்டுவருவதாகச் சொன்னாலும், ஒரு பள்ளம் அதில் ஒளிந்திருக்கிறது. ஒரே வளவில் ஐந்து குடும்பம் ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்கிறது என்று வைத்துக்கொண்டால், குடும்பத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கு 55 லிட்டர். நாளுக்கு 1,375 லிட்டர், மாதத்துக்கு 41,000 லிட்டரைத் தாண்டும். பக்கத்துத் தெருவில் கணவனும் மனைவியும் மட்டும் வாழும் பெரிய வீட்டில் ஆளுக்கு 200 லிட்டர் செலவானாலும் மாதம் 12,000 லிட்டர்தான். அளவுமானிக்குக் குழாய்தான் தெரியும், தலைகள் தெரியாது. ஐந்து குடும்பமும் சேர்ந்து ஊதாரி என்ற பட்டத்தோடு மேல்படியின் விலையைக் கட்டும். மோட்டார் வைத்த வீடு சிக்கனப் படியில் இளைப்பாறும். படிக்கட்டணம் போடுபவர்கள் முதலில் தலைகளை எண்ண வேண்டும்.

காசு இருந்தால் வறட்சியே தொடாது என்பதை 2019இல் சென்னை காட்டியது. நகரத்துக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் வந்தது. செய்தியில் பெரிதாகத் தெரிந்த அந்த ரயில் தண்ணீர், அந்த நெருக்கடியிலும் நகரத்துக்கு அன்றாடம் போய்க்கொண்டிருந்த நீரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தனியார் லாரிகள் வந்தன. பிளாஸ்டிக் குடங்களோடு நடுராத்திரியில் தெருவில் வரிசை நின்றவர்கள் வேறு மக்கள். அவர்கள் வேலைக்குப் போகாத நாட்களின் கூலியை யாரும் தண்ணீர் விலையில் சேர்க்கவில்லை.

அரசும் வாரியமும் செய்ய வேண்டியது இப்படி இருக்க, வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. குமரியிலும் நெல்லையிலும் இன்று பல அன்புக்கொடி மக்களின் வளவுக்குள்ளேயே ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது. முப்பாட்டன் மிதிக்கக் கூடாத கிணற்றங்கரை, பேரனின் சமையலறைச் சுவிட்சாகிவிட்டது. அய்யாவின் அருளால் உயர்ந்த வாழ்வு அது, குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நிலத்தின் சொந்தக்காரர் தன் நிலத்தடியில் உள்ள நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்து 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நிலத்தடியில் வேலி இல்லை. ஒருவர் 300 அடியிலிருந்து இழுத்தால் பக்கத்தில் 30 அடிக் கிணறு வைத்திருப்பவரின் வாளி தரையில் மோதலாம். கடலோர ஊர்களில் அதைவிடக் கேடு உண்டு. நன்னீரை அளவுக்கு மீறி இழுத்தால் அந்த இடத்துக்கு உப்புநீர் ஏறும், பிறகு அது எளிதில் இறங்காது. இழுத்தவரின் மின்கட்டணச் சீட்டில் இந்த நட்டம் எழுதப்படுவதில்லை. பக்கத்து வீட்டின் கணக்கில் அது ஏறுகிறது, அந்த வீட்டார் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை.

கோடையில் இப்படி வாளி காலியானவர் குடத்தோடு வாசலுக்கு வந்து நின்றால் சில வீடுகளில் கிடைக்கும் பதில், "கரண்டு பில் கூடுது" என்பது. கேட்டவருக்குக் கணக்குத் தெரியாது என்ற துணிவில் சொல்லும் பதில் இது. கணக்கு இருக்கிறது. பதினைந்து லிட்டர் கொள்ளும் பத்துக் குடம் என்றால் 150 லிட்டர். அதை 100 அடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர, மோட்டார் எவ்வளவு மோசமாக இருந்தாலும், பத்தில் ஒரு பங்கு யூனிட் மின்சாரம்கூடச் செலவாகாது. யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் ஒரு ரூபாய்க்குள் முடிகிற விஷயம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிறது என்பதையும் அதனோடு சேர்க்க வேண்டும்.

அப்படியானால் மறுப்புக்குக் காரணம் கரண்டு பில் அல்ல. வளவுக்குள் யார் வருவது, யார் குடம் யார் குழாயடியில் உட்காருவது என்பதுதான் அந்தப் பதிலின் அடியில் இருக்கிறது. அந்தக் கேள்வி மின்சாரம் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் ஒரு கிணறு தோண்டப்பட்டது. பிறர் உள்ளே வருவதில் கூச்சம் தீரவில்லை என்றால், உள்ளிருக்கும் குழாயிலிருந்து ஒரு கிளை எடுத்து மதிலுக்கு வெளியே தெருப்பக்கம் ஒரு திருகுக் குழாய் வைக்கலாம். சில நிழல் தாங்கல்களின் சுவரிலும் அப்படி ஒன்று வைக்க இடம் இருக்கிறது. பிளம்பருக்கு அரை நாள் வேலை, பத்தடி பைப்பு, ஒரு டேப்பு.

அய்யா உண்டு.